சத்தத்தை இறக்கிய கை

போன வாரக் கதையில் கதவைப் படாரென்று சாத்திக்கொண்டு உள்ளே போனாளே டைலர், அவள் மறுநாள் காலையில் எழுந்ததும் முதல் காரியமாக அந்தக் கதவைத் திறந்தாள். கோபம் மட்டும் உள்ளேயே இருந்தது.

போன வாரம் படிக்காமல் விட்டவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். கால்வாயை அகலப்படுத்தப் போகிறார்கள் என்று தெருவில் இருந்த வீட்டுச் சுவர்களிலெல்லாம் இடிப்பதற்கு அடையாளமாகச் சிவப்புச் சாயத்தில் பெருக்கல் குறி போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். வேறு இடம் தேடிப் போன இடத்தில் கிடைத்ததெல்லாம் மாடி. மாடி ஏற முடியாத ஒருவர் டைலர் வீட்டில் இருக்கிறார். டைலரின் புருஷன் மைக்செட்காரரின் அப்பா. பக்கவாதம் வந்து கட்டிலில் விழுந்தவர், இன்னும் எழவில்லை. தரையோடு ஒரே ஓர் அறை கிடைத்தது, அதுவும் டைலரின் தங்கை வீட்டில். தங்கையின் புருஷன், அதாவது மைக்செட்காரருக்குச் சகலை, கறாராகச் சொல்லிவிட்டார்: "ஞாயித்துக்கிழமை சாயங்காலத்துக்குள்ள சொல்லிடுங்க. இன்னொரு குடும்பம் சாவிக்காக நிக்குது."

மைக்செட்காரர் போகலாம் என்றார். டைலர் மாட்டேன் என்றாள். கதவு சாத்தியது அதற்குத்தான்.

"அந்த அறையை எடுத்துக்கொண்டால் இந்த அம்மாவுக்கு என்ன குறைந்துபோய்விடும்?" என்று உங்களில் சிலர் என்னிடம் சண்டைக்கே வந்துவிட்டீர்கள். குறைந்துதான் போகும் ஐயா. உங்கள் தங்கை வீட்டில் குடியேறிப் பாருங்கள், அப்புறம் என்னோடு பேசலாம். தான் தலை சீவிவிட்டு வளர்த்தவள், என்றைக்காவது ஒருநாள், "அக்கா, தண்ணிய கொஞ்சம் பாத்துச் செலவு பண்ணுங்க" என்று சொல்வாளே, அந்த ஒரு நாளுக்குப் பயந்துதான் டைலர் பிடிவாதம் பிடித்தாள்.

இன்றைக்குத்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை.

"தாத்தாவ அந்தப் பக்கம் திருப்பு. இடுப்பப் புடி. மெதுவா, மெதுவா."

டைலரும் மகளும் சேர்ந்து பெரியவரை ஒருக்களித்துப் படுக்க வைத்தார்கள். முதுகு முழுக்கப் பவுடர் போட்டாள் டைலர். ஒரு இடத்தில் தோல் சிவந்திருந்தது. அதை மட்டும் தொடாமல் சுற்றிப் போட்டாள். மாமனாருக்குச் செய்கிற வேலையில் அவள் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. அதைச் சொல்லாமல் விட்டால் எனக்குப் பாவம் வந்து சேரும்.

மருந்துக் கடையில் வேலை பார்க்கிற மகள், கையைக் கழுவிக்கொண்டே ஆரம்பித்தாள்.

"அம்மா, சித்திக்கு ஒரு போன் போட்டு சரின்னு சொல்லிடேன். வேலை முடிஞ்சிடும்."

"நீ வாய மூடு."

"நான் வாய மூடிடுறேன். தாத்தாவ யாரு மாடிக்குத் தூக்குறது?"

டைலர் பதில் சொல்வதற்குள் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. வந்தவர் நாற்காலி. கட்சிக் கூட்டங்களுக்கு நாற்காலி எடுத்துப் போட ஆரம்பித்து, இப்போது மேடையில் கடைசி நாற்காலியில் உட்காரும் அளவுக்கு வளர்ந்துவிட்ட மனிதர். பெயரைச் சொன்னால் தெருவில் யாருக்கும் தெரியாது. நாற்காலி என்றால் கைக்குழந்தைகூடத் திரும்பிப் பார்க்கும்.

"டைலரம்மா! இன்னிக்கி கூட்டத்துக்கு வீட்டுக்கு ஒருத்தர்னு தலைய காட்டிட்டுப் போற வேலையே வேணாம். வீட்டப் பூட்டிக்கிட்டு வாங்க. தலைவர் மைதானத்துக்குள்ள வரும்போது இந்தத் தெரு மொத்தமும் முன்னால உக்காந்திருக்கணும்."

"வந்தா?"

"வந்தா என்ன வந்தா? நம்ம தெரு விஷயத்த அவரு வாயாலயே சொல்லப்போறாரு."

"என்ன சொல்லப்போறாரு?"

"அத நானே சொல்லிட்டா அவரு எதுக்கு அவ்வளவு தூரம் வரணும்?"

உள்ளே இருந்து மகளின் குரல் வந்தது. "தெரு மொத்தமும் வந்தா இடிக்க மாட்டாரு. பாதிப் பேரு வந்தா பாதி வீட்ட இடிப்பாரா?"

"பாப்பாவுக்கு வாய் ஜாஸ்தி" என்று நாற்காலி சிரித்தார்.

"கசப்பு மருந்த தொட்டுத் தொட்டு வாயும் கசந்துபோச்சு. நீங்க போங்க, நான் வரேன்" என்றாள் டைலர்.

அவர் போனதும் பெட்டியைத் திறந்து நல்ல உடுப்பாக ஒன்றை எடுத்தாள். அவள் முகம் தெளிந்திருந்ததை மகள் பார்த்தாள். பார்க்கவே கஷ்டமாக இருந்தது. நம்பிக்கை வந்துவிட்ட மனுஷியிடம் என்ன பேசுவது?

"அம்மா, சித்தப்பா சாயங்காலத்துக்குள்ளன்னு சொல்லியிருக்காரு."

"சாயங்காலம் இன்னும் இருக்கில்ல? அந்தாளு பேசட்டும். அப்புறம் பாத்துக்கலாம். நீ தாத்தா பக்கத்துலயே இரு, எங்கயும் போயிடாத."

மைதானத்தில் மைக்செட்காரர் விடிந்ததிலிருந்து கம்பம் ஏறி இறங்கிக்கொண்டிருந்தார். இந்த ஊரில் எந்தக் கட்சிக் கூட்டமாக இருந்தாலும் அவர் செட்தான். அவருக்குக் கட்சி கிடையாது. யார் பேசினாலும் கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டும், அவ்வளவுதான் அவருடைய கொள்கை.

மேடைக்குப் பக்கவாட்டில் ஒரு மேசை போட்டு, அதன் மேல் ஆம்பிளிஃபயரையும் மிக்ஸரையும் வைத்து, காதில் ஹெட்போனோடு உட்கார்ந்திருந்தார். டைலர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேராக அவரிடம் வந்தாள். நேற்றைய சண்டைக்குப் பிறகு இருவரும் பேசிக்கொள்ளும் முதல் வார்த்தை.

"என்னங்க, காலையில எதாவது சாப்ட்டீங்களா?"

"டீ குடிச்சேன்."

"டீ ஒரு சாப்பாடா? சரி, அத விடுங்க. ஒரு ஹாரன நம்ம தெருப் பக்கமா திருப்பி வைங்க. அவரு சொல்லும்போது மாமாவுக்கும் கேக்கட்டும்."

"திருப்பித்தான் வச்சிருக்கேன். மேல பாரு."

அவள் கம்பத்தை அண்ணாந்து பார்த்துவிட்டுச் சிரித்தாள். அவருக்கும் சிரிப்பு வந்தது. சண்டை தீர்ந்துவிட்டது என்று இருவருமே நினைத்தார்கள். அவள் போய்த் தெருப் பெண்களோடு முன்வரிசையில் உட்கார்ந்தாள்.

தலைவர் வந்தார். ஒரே தள்ளுமுள்ளு. ஒருவழியாக மேடையில் நடு இருக்கையில் உட்கார்ந்தார். அவர் முன்னால் மேசையில் ஒரு குட்டை மைக். ஓரமாக நின்றபடி பேசுகிறவர்களுக்கு உயரமான மைக் இன்னொன்று. அதில் நாற்காலி வரவேற்புரை என்ற பெயரில் மூச்சுவிடாமல் புகழ்ந்துகொண்டிருந்தார். இரண்டு மைக்குமே திறந்திருந்தன.

இங்கேதான் மைக்செட்காரரின் தொழில் பழக்கம் ஒன்றை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். மேடையில் இருக்கும் பெரிய மனிதர்கள் இருமுவார்கள், தும்முவார்கள், மைக் இருப்பதை மறந்துவிட்டுப் பக்கத்து ஆளிடம் ஏதாவது கிசுகிசுப்பார்கள். அதெல்லாம் கூட்டத்துக்குக் கேட்டால் யாருக்கு அவமானம்? அவர்களுக்கு. யாருக்கு வசவு? மைக்செட்காரருக்கு. அதனால் துணி உரசுகிற சத்தம் கேட்டாலே போதும், அவர் கை தானாகப் போய் அந்த மைக்கின் வால்யூமை இறக்கிவிடும். மூளைக்குச் சொல்லிவிட்டெல்லாம் போகாது. ஆனால் வெளியே இறக்கினாலும் ஹெட்போனில் அவருக்குக் கேட்கும். அந்த மிக்ஸர் அப்படி.

தலைவர் பக்கத்தில் இருந்தவரின் பக்கமாகச் சாய்ந்தார். சட்டை மைக்கில் உரசியது. கை இறக்கிவிட்டது.

"எந்தத் தெரு இது? கால்வாய் தெருவா?" ஹெட்போனுக்குள் தலைவரின் குரல்.

"ஆமாங்க. முன்னால உக்காந்திருக்கிறது எல்லாம் அவங்கதான்."

"அதுக்குத்தான் எப்பவோ உத்தரவு போட்டாச்சே. புதன்கிழமை இடிக்க மெஷின் வருது. அதுவரைக்கும் கூச்சல் வராம பாத்துக்க. நான் ரெண்டு நல்ல வார்த்தை சொல்லிட்டுக் கிளம்புறேன்."

அவ்வளவுதான். தலைவர் நிமிர்ந்து உட்கார்ந்து தண்ணீர் குடித்தார்.

மைக்செட்காரர் குனிந்து தன் கையைப் பார்த்தார். விரல் இன்னும் அந்த வால்யூம் குமிழின் மேலேயே இருந்தது. லேசாக ஏற்றியிருந்தால் போதும், மைதானம் முழுக்க, ஏன், தெரு முழுக்கக் கேட்டிருக்கும். இப்போது ஏற்றினால் தண்ணீர் விழுங்கும் சத்தம்தான் கேட்கும். வாழ்க்கையில் தன் கையை அவர் அதுவரை வெறுத்ததே இல்லை.

அவர் போனை எடுத்து மனைவியை அழைத்தார். அவள் முன்வரிசையில் கைதட்டிக்கொண்டிருந்தாள். போன் அவள் பைக்குள் கிடந்து அடித்தது. அவரே கட்டிய ஹாரன்கள் போடுகிற சத்தத்தில் அவளுக்கு எப்படிக் கேட்கும்?

தலைவர் எழுந்தார்.

"கால்வாய்த் தெரு மக்களே!"

கூட்டம் ஓவென்று கத்தியது.

"உங்கள் கவலை என் கவலை. நான் உயிரோடு இருக்கும்வரை உங்கள் தெருவில் ஒரு செங்கல்லைக்கூட எவனும் தொட முடியாது!"

தலைவரின் குரல் கொஞ்சம் கரகரத்தது. மைக்செட்காரரின் கை போய் அந்தக் கரகரப்பைக் குறைத்து, குரலுக்குக் கொஞ்சம் கனம் கூட்டியது. அதையும் கை அவரைக் கேட்டுச் செய்யவில்லை. பொய் கணீரென்று போய்ச் சேர்ந்தது.

டைலருக்கு அழுகை வந்துவிட்டது. பக்கத்தில் இருந்தவளைக் கட்டிக்கொண்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு பையிலிருந்து போனை எடுத்தாள். புருஷனின் அழைப்பு விழுந்து கிடந்ததைப் பார்த்தாள். அவருக்கும் சந்தோஷம் தாங்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். அவர் இருந்த பக்கம் திரும்பிக் கையை ஆட்டினாள். அவரும் இரண்டு கையையும் ஆட்டினார். வேண்டாம், வேண்டாம் என்று ஆட்டினார். அத்தனை பேர் கையை ஆட்டிக்கொண்டிருந்த இடத்தில் அவருடைய கை மட்டும் எப்படித் தனியாகத் தெரியும்?

தலைவர் பேசும்போது செட்டை விட்டு எழுந்து போகக் கூடாது. போனால் அடி விழும். அவர் மறுபடியும் போன் போட்டார். அவள் வேறு யாரோடோ பேசிக்கொண்டிருந்தாள்.

வேறு யார், தங்கைதான்.

"என்னக்கா, வரீங்களா? அவரு ரூமுக்கு வெள்ளையடிச்சு வச்சிருக்காரு. கட்டில் நுழையணும்னு கதவையே கழட்டி மாட்டினாரு" என்றாள் தங்கை.

"வேண்டாம்டி. யாருக்குக் குடுக்கணுமோ குடுத்துக்கோங்க. எங்க வீடு எங்களுக்கே. தலைவரே சொல்லிட்டாரு, கேக்குதா சத்தம்? உங்க தயவெல்லாம் போதும்மா."

தயவு என்ற வார்த்தை ஏன் வந்து விழுந்தது என்று அவளுக்கே தெரியாது. அத்தனை நாள் அடக்கி வைத்திருந்தது, சந்தோஷத்தில் வாய் தவறி வெளியே வந்துவிட்டது.

 "சரிக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தங்கை வைத்துவிட்டாள்.

கூட்டம் கலைந்ததும் மைக்செட்காரர் செட்டை அப்படியே போட்டுவிட்டு ஓடினார். அப்படி அவர் போட்டுவிட்டு வந்ததே கிடையாது. தெருவுக்குள் நுழைந்தால் ஒரே சிரிப்பும் பேச்சும். எதிர்வீட்டுக்காரர் சுவரில் ஏறி நின்று, மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் அந்தச் சிவப்புப் பெருக்கல் குறியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். குறி போகவில்லை. சுவர் முழுக்கச் சிவப்பாக இழுபட்டிருந்தது. அவருக்கு அதைப் பற்றிக் கவலையே இல்லை.

வீட்டில் டைலர் கட்டி வைத்திருந்த மூட்டைகளை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். தையல் மெஷின் பழைய இடத்துக்கே வந்துவிட்டது.

"வாங்க வாங்க! நானே சொல்லக் கூடாது, ஆனா அந்தாளு என்னா பேச்சு! தங்கச்சிக்கும் போன் பண்ணிட்டேன். மூஞ்சில அடிச்ச மாதிரி சொல்லிட்டேன்."

மைக்செட்காரர் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றார். முதலில் கவனித்தது மகள்தான்.

"அப்பா, என்னாச்சு? ஏன் இப்படி நிக்கிறீங்க?"

"அந்தாளு சொன்னது பொய்."

"எந்தாளு?" என்றாள் டைலர்.

"தலைவரு. பேசுறதுக்கு முன்னால பக்கத்துல இருந்தவன்கிட்ட சொன்னாரு. உத்தரவு எப்பவோ போட்டாச்சாம். புதன்கிழமை மெஷின் வருதாம்."

டைலர் சிரித்தாள். "யாரோ உங்க காதுல பூ சுத்தியிருக்காங்க. யாரு சொன்னது?"

"யாரும் சொல்லல. நானே கேட்டேன். அவரு முன்னால இருந்த மைக் ஆன்ல இருந்துச்சு."

"ஆன்ல இருந்தா எங்களுக்கும் கேட்டிருக்கணுமே! நாங்க முன்னாலதானே உக்காந்திருந்தோம்?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"உங்களுக்குக் கேக்கல. நான் சத்தத்த இறக்கிட்டேன்."

டைலரின் கையில் பாதி அவிழ்ந்த முடிச்சு அப்படியே நின்றது.

"எதுக்கு?"

"தெரியலம்மா. கை போயிடுச்சு. பழக்கம்."

"பழக்கமா?" அவள் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால்கூட அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும். "அந்தாளுக்கு அவமானம் வந்துடக் கூடாதுன்னு இறக்கினீங்க. நம்ம வீடு போறத பழக்கத்துல இறக்கிட்டீங்க. அப்படித்தானே?"

"நான் வேணும்னு செய்யல."

"வேணும்னு செஞ்சிருந்தா சண்டையாவது போடலாம்."

மகள் அப்பாவின் பக்கத்தில் வந்து நின்றாள். காலையில் இருந்த துடுக்கெல்லாம் போய்விட்டது. தான் நினைத்தது சரியாகிவிட்டதில் அவளுக்கு ஒரு சந்தோஷமும் இல்லை.

"தெருவுல சொல்லணும்ப்பா. ஆனா யாரு நம்புவா? அவரு சொன்னத எல்லாரும் காதால கேட்டிருக்காங்க. நீங்க சொல்றத நீங்க மட்டும்தான் கேட்டிருக்கீங்க."

அது அவரைக் குத்திக் கிழிக்கும் என்று தெரிந்தேதான் சொன்னாளா, இல்லை யோசிக்காமல் சொன்னாளா, எனக்கே தெரியவில்லை. அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

டைலர் போனை எடுத்தாள். தங்கையை அழைப்பதற்கு முன் ஒருமுறை எச்சிலை விழுங்கினாள். மானம், ரோஷம், அக்கா என்ற கெத்து எல்லாவற்றையும் சேர்த்துத்தான் விழுங்கியிருப்பாள்.

"நான்தான்டி. அந்த ரூம்…"

"அக்கா, நீ பேசி முடிச்சதுமே அவருக்குக் கோவம் வந்துடுச்சு. உடனே அவங்கள வரச்சொல்லிட்டாரு. சாமானெல்லாம் இறங்கிடுச்சுக்கா. அவங்க வீட்டுக் குழந்தைங்க இங்க ஓடிக்கிட்டு இருக்குதுங்க."

"ஏதாவது சொல்லி…"

"என்னன்னு சொல்றது? அவங்க சமைக்கவே ஆரம்பிச்சுட்டாங்க." தங்கை அழுதாள். "நீதானேக்கா தயவு போதும்னு சொன்ன?"

"ஆமாடி. நான்தான் சொன்னேன்."

போனை வைத்துவிட்டாள். யாரும் யாரையும் பார்க்கவில்லை. வெளியே எதிர்வீட்டுக்காரரிடம் யாரோ ஏதோ சொல்ல, நாலைந்து பேர் விழுந்து விழுந்து சிரிக்கும் சத்தம் கேட்டது. எனக்கே அந்த வீட்டுக்குள் நிற்கப் பிடிக்கவில்லை. நீங்களும் என்னோடுதான் நிற்கிறீர்கள், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உள்ளே கட்டில் முனகியது. பெரியவர் கூப்பிடுகிறார் என்று அர்த்தம். டைலர் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனாள்.

பெரியவரின் வாய் ஒரு பக்கம் கோணியிருக்கும். வார்த்தைகள் ஒவ்வொன்றாகத்தான் வரும். இன்று கண்ணில் நீர் கோத்திருந்தது. அழுகை இல்லை அது.

"அவன் செட்டு… நல்லா… கேட்டுச்சு."

"ஆமா மாமா."

"ஒரு… எழுத்து… விடாம."

"ஆமா மாமா. உங்களுக்குக் கேக்கணும்னுதான் இந்தப் பக்கம் திருப்பி வச்சாரு."

அவர் நன்றாக இருந்த ஒரு கையால் அவள் விரலைப் பிடித்தார். 

"என்னைய… இனி… தூக்க… வேண்டாம்ல?"

டைலர் ஜன்னல் பக்கம் பார்த்தாள். அவர் விரலை இறுக்கினார். அந்தக் கையில் அவ்வளவு பலம் இருந்தது அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது.

"வேண்டாம் மாமா. யாரும் உங்களத் தூக்க மாட்டாங்க. இங்கயேதான் இருக்கப்போறோம். நிம்மதியா தூங்குங்க."

அவர் கண்ணை மூடினார். அவள் போர்வையைச் சரிசெய்தாள். ஜன்னலைச் சாத்தினாள். அறையை விட்டு வெளியே வந்து அந்தக் கதவையும் சத்தமில்லாமல் சாத்தினாள்.

தரையில் உட்கார்ந்திருந்த புருஷனின் முன்னால் வந்து நின்றாள்.

"எழுந்திரிங்க. ஒவ்வொரு வீடா போய்ச் சொல்லுங்க. நம்புறாங்களோ இல்லையோ, காரித் துப்புறாங்களோ, சொல்லிட்டு வாங்க."

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். வாசலை நோக்கி நடந்தவரின் கையை அவள் பிடித்து நிறுத்தினாள்.

"மாமாவுக்குக் கேக்காம சொல்லுங்க."

மைக்செட்காரர் செருப்பை மாட்டிக்கொண்டு எதிர்வீட்டு வாசலில் போய் நின்றார். அங்கே எல்லோரும் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.